கொச்சிக்கு மூணு நாள் டிரிப்: ரூம் வாடகையைப் பார்க்காதீங்க, மொத்தக் கணக்கைப் பாருங்க



மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு வந்தா நம்ம கோயமுத்தூர், திருப்பூர், பொள்ளாச்சி வீடுகள்ல ஒரு பேச்சு கண்டிப்பா வரும். "கடல் பக்கம் எங்கயாவது போலாமுங்களா?" ஊட்டி, வால்பாறை எல்லாம் நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. கடல்தான் நமக்குக் கிடையாது. அதனால நம்ம ஆளுங்க நிறைய பேர் வாளையாறைத் தாண்டி, பாலக்காடு, திருச்சூர் வழியா கொச்சிக்குப் போறாங்க. சுமார் 200 கிலோமீட்டர். ரயில்ல நாலு மணி நேரம் சொச்சம், கார்ல அஞ்சு மணி நேரம்னு வச்சுக்கலாம்.

போறதுன்னு முடிவான உடனே அடுத்து நடக்கிறது என்ன? ஒருத்தர் மொபைலை எடுத்து ஒரு ஆப்பைத் திறந்து, 'கொச்சி'ன்னு அடிச்சு, 'விலை குறைவு முதல்ல'ன்னு வரிசைப்படுத்துவார். மேல வர்ற ரூமை புக் பண்ணிடுவார். சிக்கனம் பண்ணிட்டோம்னு ஒரு திருப்தி.

ஒரு சி.ஏ.வா நான் சொல்றேன், அந்த இடத்துலதான் கணக்கு தப்பாகுது. ரூம் வாடகை ஒரு வரி மட்டும்தான். தங்கற இடத்தோட உண்மையான விலை, வாடகை, வரி, போக்குவரத்து, நீங்க ரோட்ல தொலைக்கிற நேரம் நாலும் சேர்ந்தது. இந்தக் கட்டுரையில அதை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்க்கலாம். கொச்சியை உதாரணமா எடுத்துக்கிறேன். இதே கணக்கைப் பாண்டிச்சேரிக்கும் தரங்கம்பாடிக்கும் நீங்களே போட்டுக்கலாம்.

முதல்ல ஊரைப் புரிஞ்சுக்குவோம்

'கொச்சி'ன்னு நாம ஒரே பேர்ல சொல்றது உண்மையில தண்ணியால பிரிஞ்சு கிடக்கிற பல ஊர். ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் எல்லாம் தனித்தனியா இருந்து, 1967 நவம்பர் 1-ந் தேதிதான் ஒரே மாநகராட்சியா சேர்ந்தது. ஆப்ல வர்ற 'கொச்சி ஹோட்டல்' இதுல எந்தக் கரையில இருக்குன்னு பார்க்கலைன்னா, பாதி டிரிப் போக்குவரத்துலயே போயிடும்.

தங்கறதுக்கு நாலு பகுதி இருக்கு.

ஒண்ணு, ஃபோர்ட் கொச்சி. பாய்மரக் கப்பல் காலத்துல உருவான சின்ன ஊர். 1503-ல போர்த்துகீசியர் தேவாலயம் கட்டின இடம். இன்னிக்கு செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம்னு சொல்றோமே, அதான். 1524-ல கொச்சியில இறந்த வாஸ்கோ ட காமாவை அங்கதான் முதல்ல புதைச்சாங்க, பிற்பாடு எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டு போயிட்டாங்க. சீன வலைகள், பழைய டச்சு வீடுகள், நிழல் மரம், நடந்தே சுத்தலாம். ஹோம்ஸ்டேக்கள் அதிகம்.

ரெண்டு, எர்ணாகுளம். ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், மெட்ரோ, மரைன் டிரைவ், கடைவீதி எல்லாம் இங்கதான். எல்லா விலையிலயும் ஹோட்டல் கிடைக்கும். ஆனா இது காந்திபுரம் மாதிரி ஒரு பெரிய டவுன். சுத்திப் பார்க்கிற பழைய ஊர் எதிர்க்கரையில இருக்கு.

மூணு, வெலிங்டன் தீவு, போல்காட்டி பக்கம். துறைமுகத்தை ஆழப்படுத்தறப்போ தோண்டின மண்ணைக் கொட்டி, ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினியர் தலைமையில உருவாக்கின தீவு வெலிங்டன். போல்காட்டியில 1744-ல டச்சுக்காரங்க கட்டின மாளிகை இப்போ கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழக ஹோட்டல். பாய்மரப் படகுகள் வந்து கட்டற மரீனாவும் அங்கதான். 2008-ல உலகத்தைச் சுத்தற வோல்வோ ஓஷன் ரேஸ் படகுகள் கேப் டவுன்ல இருந்து வந்து நின்னது இந்தக் கொச்சியிலதான். அமைதி வேணும், பட்ஜெட் கூடினாலும் பரவாயில்லைங்கிறவங்களுக்கு இந்தப் பக்கம்.

நாலு, வைப்பின் தீவும் செராய் பீச்சும். கடல்ல குளிக்கணும்னா இந்தப் பக்கம். ஃபோர்ட் கொச்சியில கடற்கரை இருக்கு, ஆனா அது துறைமுக வாய்; கல்லும் நீரோட்டமும் அதிகம். சாயங்காலம் உட்கார்ந்து கப்பல் பார்க்க அருமை, குழந்தைகளை இறக்கிவிட இடம் இல்ல. 'கடல்'னு சொல்லி ஃபோர்ட் கொச்சியில புக் பண்ணிட்டு, குழந்தைங்க நீச்சல் டிரஸ்ஸோட நிக்கறதை நிறைய குடும்பம் பார்த்திருக்கு.

அதனால முதல் கேள்வி 'எவ்வளவு வாடகை?' கிடையாது. 'பகல் முழுக்க நாம எங்க இருக்கப் போறோம்?' அதுதான் முதல் கேள்வி.

ஆறு பேர், ரெண்டு ராத்திரி: கணக்குப் போடலாம்

நம்ம பக்கம் ரொம்ப சகஜமான குடும்பம் ஒண்ணை எடுத்துக்குவோம். அப்பா, அம்மா, ரெண்டு குழந்தைங்க, அப்பாரு, ஆத்தா. ஆத்தாவுக்கு முட்டி வலி. ரயில்ல போறாங்க. பார்க்க வேண்டியது எல்லாம் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரியில. கீழே இருக்கிற வாடகை, டாக்ஸி எல்லாம் நான் கணக்குக்காக வச்சுக்கிட்ட தொகை. உங்க தேதிக்கு வர்ற தொகையை அதே இடத்துல போட்டுக்குங்க.

முதல் வழி, எர்ணாகுளம் ஹோட்டல்:
- 2 ரூம் × 2,600 × 2 ராத்திரி = 10,400
- ஜி.எஸ்.டி 5% = 520
- ஸ்டேஷன் போக வர = 400
- ஃபோர்ட் கொச்சிக்குப் போக வர பெரிய டாக்ஸி, 2 நாள் × 1,200 = 2,400
- மொத்தம் 13,720 ரூபாய்

ரெண்டாவது வழி, ஃபோர்ட் கொச்சி ஹோம்ஸ்டே, வீட்டுக்காரர்கிட்ட நேரடியா பேசினது:
- 2 ரூம் × 3,200 × 2 ராத்திரி = 12,800
- ஜி.எஸ்.டி இல்ல (ஏன்னு பின்னாடி சொல்றேன்)
- ஸ்டேஷன்ல இருந்து போக வர டாக்ஸி = 1,200
- மட்டாஞ்சேரி போக வர ஆட்டோ = 300
- மொத்தம் 14,300 ரூபாய்

ஆப்ல பார்த்தா ரூமுக்கு 600 ரூபாய் வித்தியாசம். ரெண்டு ரூம், ரெண்டு ராத்திரி, 2,400 ரூபாய் மிச்சம்னு தோணும். மொத்தக் கணக்குல வித்தியாசம் 580 ரூபாய். ஆளுக்கு நூறு ரூபாய்கூட இல்ல.

அந்த நூறு ரூபாய்க்கு என்ன கிடைக்குது? எர்ணாகுளத்துல இருந்து தோப்பும்படி வழியா ஃபோர்ட் கொச்சிக்கு ரோட்ல போனா ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம்னு வச்சுக்குங்க. ரெண்டு நாள், நாலு தடவை, மூணு மணி நேரம். ரெண்டு நாள் டிரிப்ல அது சின்ன நேரம் இல்ல. அதைவிட முக்கியமானது மதியம். மார்ச், ஏப்ரல்ல கொச்சி வெயிலும் புழுக்கமும் நம்ம கோயமுத்தூர் காத்து மாதிரி இருக்காது. பன்னெண்டு மணிக்கு ஆத்தா "எனக்கு முடியல கண்ணு, கொஞ்சம் படுக்கோணும்"னு சொன்னா, ரூம் பத்து நிமிஷ நடையில இருக்கணும். எதிர்க்கரையில இருந்தா ஆறு பேரோட நாளும் அங்கயே முடிஞ்சுது, இல்லாட்டி பெரியவங்க ஒரு ஓட்டல் சேர்ல நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பாங்க. இதுக்கு எக்செல்ல ஒரு காலம் கிடையாது. ஆனா வீட்ல பெரியவங்க இருந்தா முடிவை மாத்த வேண்டியது இதுதான்.

இன்னொண்ணு, காலை ஆறு மணி. சீன வலைக்காரங்க மீன் இறக்கறது, தெரு காலியா இருக்கிறது எல்லாம் அந்த ரெண்டு மணி நேரம்தான். அங்கயே தங்கினவங்களுக்கு அது இலவசமா கிடைக்கும்.

ரெண்டே பேரா போனா முடிவு மாறும்

புதுசா கல்யாணமானவங்க, இல்ல நண்பர்கள் ரெண்டு பேர்னு வச்சுக்குவோம். எர்ணாகுளத்துல ஒரு ரூம், ரெண்டு ராத்திரி, வரியோட 5,460. ஃபோர்ட் கொச்சிக்கு டாக்ஸி வேண்டாம், கொச்சி வாட்டர் மெட்ரோ இருக்கு. 2023 ஏப்ரல்ல தொடங்கின, நாட்டோட முதல் வாட்டர் மெட்ரோ அது. 2024-ல ஹைகோர்ட் ஜெட்டியில இருந்து ஃபோர்ட் கொச்சிக்கும் விட ஆரம்பிச்சாங்க. ஏ.சி. படகு. ஆளுக்கு ஒரு தடவை 40 ரூபாய்னு போட்டா, நாலு தடவைக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து 320. அதையும் குறைக்கணும்னா மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையோட சாதா படகு எர்ணாகுளம் ஜெட்டியில இருந்து சில்லறைக் காசுக்குப் போகுது. இங்க எர்ணாகுளம் மொத்தம் 5,780. ஃபோர்ட் கொச்சி வாடகை மட்டுமே 6,400.

நல்லா நடக்கற ரெண்டு பேருக்கு எர்ணாகுளம் ஜெட்டி பக்கம் தங்கறது சரியான முடிவு. படகுப் பயணமே ஒரு டிரிப் மாதிரி இருக்கும். ஒரே நிபந்தனை: சாயங்காலம் கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு போன உடனே பார்த்து வச்சுக்குங்க. அதை விட்டா டாக்ஸிதான். மிச்சம் பண்ணின காசுல பெரும்பகுதி அன்னிக்கே போயிடும்.

ஆளுங்க எண்ணிக்கையும் வயசும் மாறினா சரியான விடையும் மாறும். "என் ஃபிரண்டு அங்க தங்கினான், சூப்பரா இருந்துச்சாம்"ங்கிறது உங்க குடும்பத்துக்கான கணக்கு ஆகாது.

7,500 ரூபாய் கோடு

இப்போ வரிக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து, ஒரு ரூமுக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் இருந்தா ஜி.எஸ்.டி 5%. அதுக்கு முன்னாடி 12% இருந்தது. 7,500-ஐத் தாண்டினா 18%. தாண்டின தொகைக்கு மட்டும் இல்ல, முழு வாடகைக்கும் 18%. வருமான வரி ஸ்லாப் மாதிரி இதை நினைச்சுக்காதீங்க.

7,400 ரூபாய் ரூம்: வரியோட 7,770.
7,600 ரூபாய் ரூம்: வரியோட 8,968.

வாடகையில வித்தியாசம் 200. கையில இருந்து போறது 1,198. அந்த ரூம்ல அப்படி என்ன விசேஷம்னு பால்கனியை எட்டிப் பார்த்தாலும் தெரியாது.

இதுல இன்னொரு நுணுக்கம், காலை டிபன். ரூம் மட்டும் 7,200, டிபனோட 7,900னு ஒரு ஹோட்டல் போட்டிருக்குன்னு வச்சுக்கலாம். டிபனை ரூமோட சேர்த்து ஒரே பேக்கேஜா வித்தா, மொத்தத் தொகைக்கும் ரூம் வரிதான் போடுவாங்க. 7,200-க்கு 5% சேர்த்தா 7,560. 7,900-க்கு 18% சேர்த்தா 9,322. ரெண்டு பேர் டிபனுக்கு 1,762 ரூபாய்! வெளிய நாலு எட்டு வச்சா புட்டு, கடலைக் கறி, ஆப்பம், முட்டைக் கறி சாப்பிட்டு ரெண்டு பேரும் திருப்தியா வந்துடலாம். ஆப்ல 'காலை உணவு உட்பட'ன்னு பச்சை எழுத்துல வந்தா, உடனே சந்தோஷப்படாம இந்தக் கோட்டைத் தாண்டுதான்னு பாருங்க.

கோடு ஒரு ரூமுக்குத்தான். ரெண்டு ரூம் தலா 4,000-க்கு எடுத்தா மொத்தம் 8,000 ஆச்சேன்னு பயப்பட வேண்டாம், 5% தான்.

சாப்பாட்டுக்கும் இந்தக் கோடு எட்டிப் பார்க்கும். சாதாரண ரெஸ்டாரன்ட்ல 5%. ஆனா 7,500-க்கு மேல ரூம் விக்கிற பெரிய ஹோட்டலுக்கு உள்ள இருக்கிற ரெஸ்டாரன்ட்ல 18%. ஆறு பேர் 4,000 ரூபாய்க்கு சாப்பிட்டா வெளிய வரி 200, உள்ள 720. தினமும் ராத்திரி ரூம்ல இருந்து இறங்கி அங்கயே சாப்பிடறது சௌகரியம்தான். அந்தச் சௌகரியத்துக்கு விலை இது.

ஹோம்ஸ்டே: நேர்ல பேசறதா, ஆப்ல புக் பண்றதா?

ஃபோர்ட் கொச்சி ஹோம்ஸ்டேன்னா, வீட்டுக்காரங்க குடியிருக்கிற வீட்டுல சில ரூமை விருந்தாளிக்குக் கொடுக்கிறது. கேரள சுற்றுலாத் துறை இவங்களுக்கு டைமண்ட், கோல்டு, சில்வர்னு தரம் பிரிச்சு சான்றிதழ் கொடுக்குது. "உங்களுக்கு டூரிசம் கிளாசிஃபிகேஷன் இருக்குங்களா?"ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும்.

வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வீட்டுக்காரர் ஜி.எஸ்.டி பதிவு எடுக்கணும்னு கட்டாயம் இல்ல. பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி வாங்கவும் கூடாது. அதனால அவர்கிட்ட நேரடியா பேசி புக் பண்ணினா வரி இல்ல. அதே ரூமை ஆப் வழியா எடுத்தா, சட்டப்படி அந்த ஆப் கம்பெனிதான் வரியைக் கட்டணும். அவங்க அதை உங்ககிட்ட வாங்கிடுவாங்க. நம்ம உதாரணத்துல 12,800-க்கு 640 ரூபாய், அதுக்கு மேல ஆப்போட சர்வீஸ் கட்டணம் தனி.

அப்போ எப்பவும் நேரடியாத்தான் போகணுமா? அப்படி இல்லீங்க. ஆப்ல பழைய விருந்தாளிகளோட கருத்து இருக்கும், கேன்சல் விதி எழுத்துல இருக்கும், தகராறு வந்தா பேச ஒரு இடம் இருக்கும். அந்த 640-ஐ ஒரு இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி நினைச்சுக்கலாம். தெரிஞ்சவங்க தங்கின வீடு, சான்றிதழ் இருக்கு, வீடியோ கால்ல ரூமைக் காட்டறாங்கன்னா நேரடியா போங்க. ஒண்ணுமே தெரியாத வீடுன்னா ஆப்லயே போங்க.

நேரடியா போறப்போ ரெண்டு எச்சரிக்கை.

"பிளஸ் ஜி.எஸ்.டி"ன்னு சொன்னா, ஜி.எஸ்.டி நம்பரைக் கேளுங்க. கேரளா நம்பர் 32-ல ஆரம்பிக்கும், நம்ம தமிழ்நாடு 33. ஜி.எஸ்.டி போர்ட்டல்ல அந்த நம்பரை அடிச்சா யார் பேர்ல இருக்கு, இன்னும் நடப்புல இருக்கான்னு காசில்லாம பார்க்கலாம். நம்பர் இல்லைன்னா வரியும் இல்லைன்னு மரியாதையா சொல்லிடுங்க. வாடகை 7,500-க்குள்ள இருந்து இன்னும் 12% போட்டா, புது விகிதம் 5%னு ஞாபகப்படுத்துங்க.

ரெண்டாவது, அட்வான்ஸ். மொத்தப் பணத்தையும் முன்னாடியே ஒரு தனி நபர் யு.பி.ஐ.க்கு அனுப்பாதீங்க. அழகான போட்டோ, பாதி விலை, "இப்பவே அனுப்பலைன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்கு"ன்னு அவசரம், இந்த மூணும் சேர்ந்து வந்தா நிறுத்திடுங்க. அதிகபட்சம் ஒரு ராத்திரி வாடகை, மிச்சம் சாவி கைக்கு வந்தப்புறம். ஏமாந்துட்டோம்னு தெரிஞ்ச நிமிஷமே 1930-க்கு போன் பண்ணுங்க. சைபர் குற்ற உதவி எண் அது. சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை வழியில நிறுத்த வாய்ப்பு.

"கம்பெனி பேர்ல பில் போட்டுக்கலாமா?"

திருப்பூர்ல இருந்தும் கோயமுத்தூர்ல இருந்தும் எனக்கு அதிகமா வர்ற கேள்வி இது. குடும்பத்தோட போறது, பில்லை மட்டும் கம்பெனி ஜி.எஸ்.டி நம்பர்ல வாங்கிக்கிறது. "வரி திரும்ப வந்துருமுல்லங்க?"

வராதுங்க. மூணு காரணம். சொந்த உபயோகத்துக்கான செலவுக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. நிஜமாவே தொழில் வேலையா போனாலும், ஹோட்டல் எந்த மாநிலத்துல இருக்கோ அந்த மாநிலத்து வரிதான் பில்லுல வரும். கேரள வரியைத் தமிழ்நாடு பதிவுல எடுக்க முடியாது. மூணாவது, 7,500-க்குள்ள இருக்கிற ரூமை விக்கிற ஹோட்டல் தன்னோட செலவுக்கு கிரெடிட் எடுக்காமத்தான் 5% போடுது. அங்க மிச்சம் பிடிக்கப் பெருசா ஒண்ணும் இல்ல. வருமான வரியிலயும் குடும்ப டூரைத் தொழில் செலவா காட்ட முடியாது. ஆறு பேர் பேரு போட்ட பில்லு, சனி ஞாயிறு தேதி. ஆய்வுக்கு வந்தா அதுவே பேசும். சில ஆயிரம் ரூபாய்க்காக மத்த நேர்மையான பில்லு மேலயும் சந்தேகத்தை வரவழைச்சுக்காதீங்க.

சம்பளக்காரங்களுக்கு: எல்.டி.ஏ. பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குத்தான். அதுலயும் பயணக் கட்டணம் மட்டும். ரூம் வாடகை, சாப்பாடு, படகு எதுவும் வராது. ரயில் டிக்கெட்டைப் பத்திரமா வைங்க, ஹோட்டல் பில்லை ஹெச்.ஆர்.க்கு அனுப்பி நேரத்தை வீணாக்காதீங்க.

எப்போ போறீங்கங்கிறதும் வாடகைதான்

ஒரே ரூம், வேற வேற தேதி, விலை ரெண்டு மடங்கு வரைக்கும் போகலாம். டிசம்பர் கடைசி வாரம்தான் உச்சம். ஃபோர்ட் கொச்சியில கார்னிவல், புத்தாண்டு ராத்திரி பாப்பாஞ்சி பொம்மையை எரிக்கிற கூட்டம். 2012-ல தொடங்கின கொச்சி முசிறிஸ் பினாலே நடக்கிற சீசன்லயும் டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நெருக்கடி. அந்தக் கலைக் கண்காட்சியைப் பார்க்கத்தான் போறீங்கன்னா சரி. சும்மா சுத்தத்தான்னா வேற மாசம் பாருங்க.

ஜூன்ல இருந்து தென்மேற்குப் பருவமழை. வாடகை குறையும். ஆனா மழைக்குப் படகு நிக்கலாம், கேரளாவுல ஜூன் 9 நள்ளிரவுல இருந்து ஜூலை 31 வரைக்கும் இழுவைப் படகுகளுக்கு மீன்பிடித் தடை, அதனால மீன் விலையும் ஏறும். கரிமீன் கனவோட போறவங்க கவனிங்க. என் கணக்குல செப்டம்பர் கடைசி, அக்டோபர், பிப்ரவரி வார நாட்கள் நல்ல இடைவெளி. நம்ம காலாண்டுப் பரீட்சை லீவு அதுல ஒரு பகுதிக்குப் பொருந்தும்.

வார இறுதியில போறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1568-ல கட்டின யூதத் தேவாலயத்துக்கு சனிக்கிழமை விடுமுறை. வெள்ளி மதியம் போய் ஞாயிறு காலையில கிளம்பற மாதிரி டிக்கெட் போட்டா, சனிக்கிழமை அரண்மனையை மட்டும் பார்த்துட்டு, பக்கத்துலயே தங்கியும் யூதத் தேவாலயத்தைப் பார்க்காம வர வேண்டியிருக்கலாம். ஞாயிறு சாயங்கால ரயில்ல போடுங்க.

படகுல மட்டும் சிக்கனம் வேண்டாம்

தண்ணி ஊருக்குப் போய்ப் படகு ஏறாம யாரும் வர மாட்டோம். இங்க விலை பேசறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது வேற. 2023 மே 7-ந் தேதி மலப்புறம் மாவட்டம் தானூர்ல ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. அதுல குழந்தைங்களும் நிறைய. அளவுக்கு மீறி ஆள் ஏத்தின படகு அது.

ஹோட்டல்காரரோ ஆட்டோக்காரரோ "நம்ம ஆள் படகு இருக்கு, பாதி விலை"ன்னு சொன்னா, எத்தனை பேருக்கு அனுமதின்னு படகுல எழுதியிருக்கான்னு பாருங்க. குழந்தைகள் சைஸ்ல லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு பாருங்க. இருட்டினப்புறம் கிளம்பற படகு வேண்டாம். அரசு நிறுவனங்களோட சுற்றுலாப் படகுகள் கொச்சியில இருக்கு, அரசு போக்குவரத்துப் படகும் வாட்டர் மெட்ரோவும் இருக்கு. மத்த எல்லா செலவையும் குறைச்சுக்கலாம், இதை வேண்டாம்.

பணம் அனுப்பறதுக்கு முன்னாடி ஏழு கேள்வி

1. எந்தக் கரை? மேப்ல ஜெட்டிக்கு எவ்வளவு நடை?
2. வரி, கட்டணம் எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு? ரூம் 7,500 கோட்டுக்கு எந்தப் பக்கம்?
3. கார்ல வந்தா பார்க்கிங் வீட்டுக்குள்ளயா, தெருவுலயா? ஃபோர்ட் கொச்சி சந்துகள் குறுகல்.
4. பெரியவங்களுக்குக் கீழ்த்தள ரூம் கிடைக்குமா? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா?
5. ஏ.சி. வாடகையில சேர்த்தியா, தனியா? கொசுவலை இருக்கா? கொச்சிக் கொசுவைக் குறைச்சு நினைக்காதீங்க.
6. எத்தனை நாள் முன்னாடி கேன்சல் பண்ணினா எவ்வளவு திரும்ப வரும்? வாட்ஸ்ஆப்லயாவது எழுத்துல வாங்குங்க.
7. செக்-இன் எத்தனை மணி? காலையிலயே போய்ச் சேர்ந்தா பெட்டியை வைக்க விடுவாங்களா?

ஆறாவது கேள்விக்கு ஒரு கணக்கு. 'ரீஃபண்ட் கிடையாது' ரூம் 2,800, 'கேன்சல் பண்ணலாம்' ரூம் 3,200னு வச்சுக்குவோம். வித்தியாசம் 400. வீட்ல சின்னக் குழந்தையோ வயசானவங்களோ இருந்து, டிரிப் தள்ளிப்போக எட்டுல ஒரு வாய்ப்பு இருந்தாலே அந்த 400 சரிக்குச் சரி ஆயிடும். அதுக்கு மேல வாய்ப்பு இருந்தா கேன்சல் பண்ற ரூம்தான் லாபம்.

ஒரு பேப்பரை எடுத்து நாலு வரி எழுதுங்க: வாடகை, வரி, போக்குவரத்து, ரோட்ல போற மணி நேரம். ரெண்டு இடத்துக்கு எழுதிப் பக்கத்துல பக்கத்துல வைங்க. பத்து நிமிஷ வேலை. பெரும்பாலும் முடிவு அந்தப் பேப்பர்லயே தெரிஞ்சுடும். அப்படியும் ரெண்டும் ஏறக்குறைய ஒரே தொகையில நின்னா, வீட்ல இருக்கிற வயசானவங்ககிட்ட எது சௌகரியம்னு கேட்டு அதை எடுத்துக்குங்க.

இந்தக் கணக்கு எக்செல் ஷீட்டா வேணும்னா நம்ம சேனல்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவுல தரங்கம்பாடிக்கும் பாண்டிச்சேரிக்கும் சேர்த்துப் போட்டுக் காட்டறேன். பத்திரமா போயிட்டு வாங்க.